இரண்டு வட்டு, இரண்டு கை

வீட்டுக் கணினியில் இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் அடுத்துக் கேட்பது இதுதான்: “பேஜ் ஃபைலைப் புது டிஸ்க்குக்கு மாற்றினால் வேகம் கூடுமா?” கூடலாம். சில கணினிகளில் நன்றாகவே கூடும், சிலவற்றில் ஒரு மாற்றமும் தெரியாது, இன்னும் சிலவற்றில் இருந்த வேகமும் போய்விடும். எது எப்போது நடக்கும் என்று தெரிய வேண்டுமானால், பேஜ் ஃபைல் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கணினித் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது.

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும், தனக்கென்று பெரிய நினைவகம் ஒன்று முழுசாக ஒதுக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டே ஓடுகிறது. 32 பிட் விண்டோஸில் அப்படி ஒரு நிரலுக்குக் காட்டப்படும் இடம் 2 ஜிபி. பத்து நிரல்களைத் திறந்தால் பத்துக்கும் தலா 2 ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிதில் பல வீட்டுக் கணினிகளில் இருந்த ரேமோ வெறும் 256 எம்பி. இந்த இரண்டு கணக்கையும் பொருந்த வைப்பதுதான் மெய்நிகர் நினைவகத்தின் வேலை.

நினைவகம் முழுவதும் 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம். 256 எம்பி ரேமில் இப்படி 65,536 பக்கங்களுக்கு இடம் உண்டு. எந்த நிரலின் எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை சொல்லும். நிரல் ஒரு முகவரியைத் தொட்டதும் பிராசசர் அட்டவணையைப் பார்க்கிறது. பக்கம் ரேமில் இருந்தால் வேலை அப்படியே தொடரும். இல்லையென்றால் பிராசசர் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இயங்குதளத்தைக் கூப்பிடுகிறது. இயங்குதளம் டிஸ்க்கிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து ரேமில் வைத்து, அட்டவணையைத் திருத்தி, நிரலை விட்ட இடத்திலிருந்து ஓடச் செய்கிறது. தான் நிறுத்தப்பட்டதே நிரலுக்குத் தெரியாது. இதைத்தான் பேஜ் ஃபால்ட் என்கிறார்கள். ஃபால்ட் என்ற பெயர் இருந்தாலும் இதில் பிழை எதுவும் இல்லை; ஒழுங்காக நடக்கும் கணினியில் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

ரேமில் இடம் நெருக்கடியானால் சில பக்கங்களை வெளியேற்ற வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரலின் கட்டளைகள் இருக்கும் பக்கங்கள் ஏற்கெனவே டிஸ்க்கில், அந்த நிரலின் கோப்பிலேயே இருக்கின்றன. அவற்றை எங்கேயும் எழுதி வைக்கத் தேவையில்லை. ரேமிலிருந்து அப்படியே விட்டுவிடலாம், வேண்டும்போது கோப்பிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். ஓடும்போது உருவான பக்கங்கள் அப்படியல்ல. பாதி தட்டச்சு செய்த கடிதம், திருத்திக்கொண்டிருக்கும் படம், உலாவியில் திறந்து கிடக்கும் பக்கம் எல்லாம் ரேமில் மட்டும் உயிரோடு இருப்பவை. அவற்றை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும். அதுதான் பேஜ் ஃபைல். விண்டோஸில் பேஜ்ஃபைல்.சிஸ் என்ற பெயரில், டிரைவின் முதல் அடுக்கிலேயே மறைந்திருக்கும் கோப்பு.

இந்த ஏற்பாடு முதலில் உயிர் பெற்றது இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். டாம் கில்பர்ன் தலைமையில் அங்கே உருவான அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. பெர்லினில் ஃப்ரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் என்பவர் 1957-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் இதே யோசனையை எழுதியிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கணினியாகக் கட்டி ஓட்டிக் காட்டியது மான்செஸ்டர் குழு. அதுவரை நிரல் எழுதுபவருக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. நினைவகத்தில் அடங்காத நிரலை அவரே துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உள்ளே வர வேண்டும், எது வெளியேற வேண்டும் என்று கையால் திட்டமிட வேண்டும். கணக்கைப் போடுவதை விட இந்த இடமாற்றத்தை ஒழுங்கு செய்வதிலேயே அவர் உழைப்பில் பெரும்பங்கு கரைந்தது. அட்லஸ் அந்தச் சுமையை எந்திரத்தின் தோளுக்கு மாற்றியது. 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தின் டேவிட் சேயர், எந்திரம் தானாகச் செய்யும் இடமாற்றம் மனிதர் கையால் செய்வதற்கு ஈடு கொடுக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஈடு கொடுக்கிறது என்று எழுதிய பிறகு விவாதம் ஏறக்குறைய ஓய்ந்தது. 1985-இல் இன்டெலின் 80386 சிப்பில் பக்கமுறை வந்து சேர்ந்ததால் அது மேசைக் கணினிக்கும் வந்தது.

அட்லஸின் அளவுகளை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். விரைவாக எட்டக்கூடிய கோர் நினைவகம் 16,384 சொற்கள். அதற்குப் பின்னால், சுழலும் காந்த உருளைகளில் 98,304 சொற்கள். இந்த உருளைகள் ஒன்றல்ல, நான்கு. மெய்நிகர் நினைவகம் பிறந்தபோதே அது ஒன்றுக்கு மேற்பட்ட சுழலும் சாதனங்களின் மேல்தான் பிறந்தது. பேஜ் ஃபைலை இரண்டு டிஸ்க்குகளுக்குப் பிரிக்கலாமா என்று இன்று யோசிப்பவர் அட்லஸ் பொறியாளர்களின் பாதையில்தான் நடக்கிறார்.

அந்த உருளை ஒரு முறை சுழல ஏறத்தாழ 12 மில்லி விநாடி ஆகும். வேண்டிய பக்கம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 6 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். கோர் நினைவகத்துக்கோ 2 மைக்ரோ விநாடி போதும். இரண்டுக்கும் இடையே 3,000 மடங்கு. இதைக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த வீட்டுக் கணினியோடு வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. அரைச் சுற்றுக்கு 4.2. அதற்கு மேல், படிக்கும் தலையைச் சுமக்கும் கை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகரச் சராசரியாக 9 மில்லி விநாடி. மொத்தம் 13. அட்லஸின் உருளையில் ஒவ்வொரு தடத்துக்கும் அசையாத தலை தனியாக இருந்ததால் அந்த 9 அங்கே கிடையாது. ரேமை எட்டும் நேரமோ இதற்குள் ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 13 மில்லி விநாடியை அதனால் வகுத்தால் 1,30,000 மடங்கு வருகிறது.

ஆக, நாற்பது ஆண்டு முன்னேற்றத்தில் இடைவெளி குறையவில்லை. 3,000 மடங்காக இருந்தது ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்காக அகன்றது. எல்லாம் வேகமாகிக்கொண்டிருந்த காலத்தில், இரும்புக் கையும் சுழலும் தட்டும் இயற்பியலின் எல்லைக்குள் நின்றுவிட்டன. கணினி திடீரென்று உறைந்து, பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்து, மவுஸ் அம்புக்குறி மணற்கடிகாரமாக மாறி நிற்குமே, அந்த நேரத்தில் நடப்பது இதுதான். பிராசசர் எந்த வேலையும் இல்லாமல் நிற்கிறது. கை மட்டும் தட்டின் குறுக்கே அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்கு. 13 மில்லி விநாடிக்கு ஒரு முறை என்றால் விநாடிக்கு 77 தடவை. தடவைக்கு ஒரு பக்கம் என்றால் விநாடிக்கு வரும் தரவு 308 கேபி. வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 50, 60 எம்பி தரும் அதே டிஸ்க், சிதறிய பக்கங்களைத் தேடிப் போகும்போது இந்த நிலைக்கு இறங்கிவிடுகிறது. கீழே சுருக்கி வைத்த படத்திருத்த மென்பொருளை மறுபடி மேலே கொண்டுவர 40 எம்பி, அதாவது 10,240 பக்கங்கள் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். விண்டோஸ் பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து அள்ளி வருவதால் நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வேகத்தைத் தீர்மானிப்பது டிஸ்க்கில் இருக்கும் இடம் அல்ல, அந்தக் கையின் நடமாட்டம் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மளிகைக் கடை ஒன்றில் அலமாரியில் இல்லாத சரக்கைத் தெருக்கோடிக் கிடங்கிலிருந்து எடுத்துவர ஒரே ஓர் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி மூட்டைக்கு ஒரு நடை, எண்ணெய் டின்னுக்கு ஒரு நடை என்று அவர் அலைகிறார். கிடங்கின் நடுவே ஒரு சுவர் எழுப்பி இரண்டு அறையாக்கி, இரண்டுக்கும் தனிப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் அவருடைய நடை குறையுமா? இன்னோர் ஆளைப் போட்டால்தான் குறையும்.

ஒரே ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துவிட்டு, பேஜ் ஃபைலை சி-யிலிருந்து டி-க்கு மாற்றுவது அந்தச் சுவரை எழுப்பும் வேலைதான். நம் ஊரில் 40 ஜிபி, 80 ஜிபி டிஸ்க் போட்டுக் கணினி பொருத்திக் கொடுத்தவர்கள் அதை மூன்று நான்கு டிரைவாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கட்டிய கணினிகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். திரையில் நான்கு டிரைவ் தெரியும். உள்ளே இருப்பது ஒரே டிஸ்க், ஒரே கை. விண்டோஸும் நிரல்களும் சி-யில், பேஜ் ஃபைல் இ-யில் என்று வைத்தால், கை தட்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓட வேண்டியிருக்கும். முன்பு பக்கத்திலேயே இருந்த ஒன்றைத் தொலைவுக்குத் தள்ளியதுதான் மிச்சம். இருந்ததை விட வேகம் குறைகிறது என்று நான் முதலில் சொன்னது இந்த வகையைத்தான்.

உண்மையிலேயே இரண்டாவது டிஸ்க் இருந்தால் கதை வேறு. ஒரு கை நிரலின் கோப்புகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மறு கை பழைய பக்கங்களை எழுதலாம். ரேம் நெருக்கடியில் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகத்தான் நடக்கும்: புதிதாக ஒரு நிரலைத் திறப்பதால்தான் இடம் போதாமல் பழையவை வெளியேறுகின்றன. ஒரே கை இரண்டையும் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த 13 மில்லி விநாடியைக் கொடுக்க வேண்டும். கை இரண்டானால் அந்தத் தாவல் நின்றுவிடுகிறது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாட்டா கேபிள் பரவலாகும் முன் இருந்த ஐடிஇ முறையில், அகலமான ஒரு பட்டைக் கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு டிஸ்க்கை மாட்டலாம். ஆனால் ஒரு நேரத்தில் அந்தக் கேபிளில் ஒன்றுதான் வேலை செய்ய முடியும். கை இரண்டு இருந்தும், ஒன்று முடிக்கும் வரை மற்றது காத்திருக்க வேண்டும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திறந்து, இரண்டு டிஸ்க்கும் தனித்தனிக் கேபிளில் போகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சாட்டாவில் டிஸ்க்குக்கு ஒரு கேபிள் என்பதால் இந்தக் கவலை இல்லை.

இனி அமைக்கும் விதம். எக்ஸ்பி என்றால் மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்ற தலைப்பின் கீழ் செட்டிங்ஸ், அங்கே மறுபடி அட்வான்ஸ்டு, கடைசியாக விர்ச்சுவல் மெமரிக்குப் பக்கத்தில் சேஞ்ச். புதிய விண்டோஸிலும் வழி ஏறத்தாழ இதுவே. ஒரே வேறுபாடு, விஸ்டாவிலிருந்து மேலே ஒரு டிக் பெட்டி இருக்கும், எல்லா டிரைவுக்கும் விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அதை எடுத்தால்தான் மற்றவை திறக்கும். டிரைவ்களின் பட்டியலில் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்து, கஸ்டம் சைஸில் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டையும் எம்பி கணக்கில் கொடுத்து, செட் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் செட்டை அழுத்தாமல் நேரே ஓகே கொடுத்தால் நீங்கள் தட்டிய எண் எதுவும் பதிவாகாது. அதற்குப் பிறகு கணினியை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும்.

சி டிரைவில் இருக்கும் பேஜ் ஃபைலை முழுவதும் எடுத்துவிடலாமா? வேண்டாம். விண்டோஸ் நீலத் திரையோடு விழும்போது, விழுந்ததற்கான காரணம் தெரிய நினைவகத்தின் நிலையை எழுதி வைக்கிறது. அதை எழுத விண்டோஸ் இருக்கும் டிரைவிலேயே ஒரு பேஜ் ஃபைல் தேவை. எக்ஸ்பியில் மிகச் சிறிய பதிவுக்கு 2 எம்பி போதும். விரிவான பதிவு வேண்டுமென்றால் அதிகம் ஆகும். சி-யில் சிறியது, இரண்டாவது டிஸ்க்கில் பெரியது என்று இரண்டையும் வைப்பதே சரியான ஏற்பாடு. எது நெரிசல் இல்லாமல் இருக்கிறதோ, எது முதலில் பதில் தருகிறதோ அந்தப் பேஜ் ஃபைலைத்தான் விண்டோஸ் அதிகம் பயன்படுத்தும். அதனால் பெரியதை வேலை குறைந்த டிஸ்க்கில் வைத்தால் போதும்; பக்கங்களை அங்கே அனுப்ப வேறு எதையும் அமைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 16 பேஜ் ஃபைல் வரை ஏற்றுக்கொள்ளும். வீட்டில் அத்தனை யாருக்கும் தேவைப்படாது.

எவ்வளவு பெரியது வைக்க வேண்டும்? ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்ற விதி பலருக்கும் மனப்பாடம். எக்ஸ்பி தானாகப் பரிந்துரைத்ததும் அதைத்தான். இந்த விதியை நான் ஏற்பதில்லை. ரேம் அதிகமாக அதிகமாகப் பேஜ் ஃபைலும் பெரிதாக வேண்டும் என்று அது சொல்கிறது. தேவையோ அதற்கு எதிர்த் திசையில் போகிறது. 256 எம்பி வைத்திருப்பவருக்கு 384 எம்பி பேஜ் ஃபைல் போதாமல் போகலாம். 32 ஜிபி வைத்திருப்பவருக்கு 48 ஜிபி பெரும்பாலும் வீண்.

அளந்து பார்ப்பதே முறை. எக்ஸ்பியின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கமிட் சார்ஜ் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூன்று எண்கள்: டோட்டல், லிமிட், பீக். நிரல்களுக்கு விண்டோஸ் இதுவரை கொடுத்திருக்கும் வாக்குறுதியின் அளவு டோட்டல். ரேமும் எல்லாப் பேஜ் ஃபைல்களும் சேர்ந்து அது கொடுக்கக்கூடிய உச்சம் லிமிட். கணினியைப் போட்டதிலிருந்து தொட்ட உயரம் பீக். வழக்கமாகச் செய்யும் கனமான வேலைகளை எல்லாம் ஒன்றாகத் திறந்து ஒரு நாள் பயன்படுத்திவிட்டு பீக்கைப் பாருங்கள். அதிலிருந்து ரேமைக் கழித்து, மேலே தாராளமாகக் கொஞ்சம் கூட்டினால் அதுதான் உங்கள் கணினிக்கான அளவு. அதே பக்கத்தில் பிஎஃப் யூசேஜ் என்று ஒரு பச்சைக் கோடு ஓடும். பேஜ் ஃபைலில் இவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அதை நம்பிப் பதறியவர்கள் ஏராளம். அந்தக் கோடு காட்டுவதும் கமிட் சார்ஜைத்தான். பேஜ் ஃபைலில் ஒரு பக்கம்கூட எழுதப்படாத நேரத்திலும் அது உயரே நிற்கும்.

சுழலும் டிஸ்க்கில் தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒரே எண்ணாகக் கொடுப்பது நல்லது. தேவைப்படும்போது வளரும் பேஜ் ஃபைல், காலியாக இருக்கும் இடங்களில் துண்டு துண்டாக வளர்ந்து கையின் வேலையைக் கூட்டிவிடும். புது டிஸ்க்கில் பாட்டும் படமும் ஏற்றுவதற்கு முன்பே, முதல் பிரிவில் பேஜ் ஃபைலை வைத்துவிட்டால் இன்னொரு நன்மை உண்டு. டிஸ்க்கின் தொடக்கம் தட்டின் வெளிவிளிம்பில் இருக்கிறது. அங்கே சுற்றளவு பெரியது என்பதால் ஒரே சுற்றில் அதிகத் தரவு தலைக்குக் கீழே கடந்துபோகும்.

இதற்கென்று எந்த டிஸ்க்கை ஒதுக்குவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். மூலையில் கிடக்கும் பழைய 10 ஜிபி டிஸ்க்கை எடுத்து, “வேறு எதற்கும் உதவாது, பேஜ் ஃபைலுக்காவது இருக்கட்டும்” என்று மாட்டுவது பரவலான வழக்கமாக இருந்தது. பழைய டிஸ்க் மெதுவாகச் சுழலும். இரண்டாவது கையின் ஆதாயத்தை அந்த மந்தம் விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய அபாயம், பேஜ் ஃபைலில் இருக்கும் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் போவது. சாதாரணக் கோப்பு கெட்டால் அந்தக் கோப்போடு போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் ஒரு பக்கம் கெட்டால், கணினியே நீலத் திரையோடு நின்றுவிடும். கடிதமும் படமும் அதோடு போகும். நினைவகத்தின் ஒரு பகுதியாக இருக்கப்போகிற டிஸ்க், வீட்டிலேயே ஆரோக்கியமான டிஸ்க்காக இருக்க வேண்டும். யுஎஸ்பியில் தொங்கும் டிஸ்க்கில் வைக்க நினைப்பதும் இதே காரணத்தால் கூடாது: கேபிள் ஒரு கணம் அசைந்தால் நினைவகத்தின் பாதி காணாமல் போகும்.

லினக்ஸில் இதை இன்னும் தெளிவாகச் செய்யலாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும், பேஜ் ஃபைலின் வேலையைச் செய்யும் ஒரு ஸ்வாப் பகுதியை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் கொடுக்கலாம். எண்கள் வேறு வேறாக இருந்தால் உயர்ந்த எண் கொண்டது நிரம்பிய பிறகே அடுத்தது தொடப்படும். ஒரே எண்ணாக இருந்தால் பக்கங்கள் மாறி மாறி எல்லா டிஸ்க்குக்கும் பகிர்ந்து போகும். ஒத்த வேகமுள்ள இரண்டு டிஸ்க் இருந்தால் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒன்று வேகம், ஒன்று மந்தம் என்றால் வேகமானதற்கு உயர்ந்த எண். பயனருடைய கையில் இப்படி நேரடியாக முடிவைக் கொடுத்திருப்பது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் தீராத ஒரு நிலையும் உண்டு. 1968-இல் பீட்டர் டென்னிங் அதை விளக்கினார். எந்த நிரலும் தன் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. ஒரு காலப்பகுதியில் ஒரு சிறு தொகுதியை மட்டும் திரும்பத் திரும்பத் தொடுகிறது. அந்தத் தொகுதிக்கு அவர் வொர்க்கிங் செட் என்று பெயர் வைத்தார். ஓடும் நிரல்களின் வொர்க்கிங் செட்டுகள் எல்லாம் சேர்ந்து ரேமுக்குள் அடங்கும் வரை எல்லாம் நலம். அடங்காமல் போகும் கணத்தில் வேகம் படிப்படியாகக் குறையாது, செங்குத்தாகச் சரியும். ஒன்றுக்காக வெளியேற்றிய பக்கம் அடுத்த நொடியே இன்னொன்றுக்கு வேண்டியிருக்கும். கணினி பக்கங்களை மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. இதுதான் த்ராஷிங். இரண்டாவது டிஸ்க் இங்கே அதிகபட்சம் வேகத்தை இரட்டிப்பாக்கலாம். ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்குப் பள்ளம் அறுபத்தைந்தாயிரம் ஆகும், அவ்வளவுதான். ரேமைக் கூட்டினால் பள்ளத்தில் விழ வேண்டிய தேவையே இருக்காது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ரேம் வாங்குங்கள்.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. சிதறிய ஒரு பக்கத்தை எடுக்க 13 மில்லி விநாடி ஆன இடத்தில் 0.1 மில்லி விநாடி போதும். ஒரு லட்சத்து முப்பதாயிரமாக இருந்த இடைவெளி ஏறத்தாழ ஆயிரத்துக்கு இறங்கி, அட்லஸின் 3,000 மடங்கை விடவும் குறைந்துவிட்டது. இரண்டு கை வேண்டும் என்பதற்கான காரணமே இங்கே இல்லை. ஆனால் பழைய அறிவுரை மட்டும் தங்கிவிட்டது. சி-யில் எஸ்எஸ்டி, டி-யில் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் பேஜ் ஃபைலை டி-க்கு மாற்றுகிறார்கள், எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்தில். விண்டோஸ் 7 வந்த சமயத்தில் மைக்ரோசாஃப்ட் இதை அளந்து பார்த்தது. பேஜ் ஃபைலில் ஒரு முறை எழுதினால் ஏறக்குறைய 40 முறை படிக்கப்படுகிறது. படிப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு 4 கேபி அல்லது அதற்கும் குறைவு. எழுதுவதோ பெரும்பாலும் பெரிய துண்டுகளாக. சிறு சிறு துண்டாகப் படிப்பது அதிகம், எழுதுவது குறைவு: எஸ்எஸ்டி சிறப்பாகச் செய்யும் வேலை இதுதான், ஹார்டு டிஸ்க் தடுமாறும் வேலையும் இதுதான். எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்திருக்கும் கணினியில் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். அளவையும் விண்டோஸிடமே விட்டுவிடலாம். விண்டோஸ் 10-இலிருந்து, பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும் முன் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வசதியும் வந்துவிட்டதால் பேஜ் ஃபைலின் சுமை இன்னும் குறைந்திருக்கிறது.

ரேம் தாராளமாக இருக்கிறதே, பேஜ் ஃபைலை அடியோடு அணைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அணைத்தாலும் பக்கமாற்றம் நிற்காது. நிரல்களின் கட்டளைப் பக்கங்கள் கோப்பிலிருந்து வந்துகொண்டும் விடப்பட்டுக்கொண்டும்தான் இருக்கும். நாள் முழுக்கத் தொடாத தரவுப் பக்கங்களுக்கு வெளியே போக வழி இல்லாததால் அவை ரேமிலேயே கிடக்கும், வேலைக்கு வேண்டிய கட்டளைப் பக்கங்கள் வெளியேறும். கமிட் லிமிட்டும் வெறும் ரேம் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த எல்லையைத் தொட்ட நொடியில், ரேமில் காலி இடம் இருந்தாலும், நிரல்களுக்கு நினைவகம் மறுக்கப்படும், அவை மூடிக்கொள்ளும்.

கடைசியாக, இரண்டாவது டிஸ்க்கில் பேஜ் ஃபைல் வைத்தவர்கள் மறக்கக் கூடாத ஒன்று. கணினியை அணைத்ததும் ரேம் அழிந்துவிடும், பேஜ் ஃபைல் அழியாது. நீங்கள் தட்டிய கடிதத்தின் துண்டுகள், திறந்து பார்த்த வங்கிக் கணக்கின் பக்கம், சில வேளை கடவுச்சொல்லும்கூட அதில் தங்கியிருக்கலாம். அணைக்கும்போது அதைத் துடைக்க விண்டோஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் நாமாக இயக்காத வரை அது வேலை செய்யாது. படமும் பாட்டும் மட்டும் இருந்ததாக நினைத்து அந்த டிஸ்க்கை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பேஜ் ஃபைலை முதல் டிஸ்க்குக்குத் திருப்பி மாற்றி, கணினியை ஒரு முறை அணைத்துப் போட்டு, இரண்டாவது டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை அழித்து எழுதிவிட்டுப் பிறகு கொடுங்கள். விரைவு ஃபார்மேட் இதற்குப் போதாது.